பனை விசிறி இரண்டு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு உன் நலமும் மாப்பிள்ளை, பேரன் நலமும் அறிய ஆவல். எல்லாக் கடிதத்திலும் கை தானாக எழுதிவிடும் வரி இது. இந்த முறை அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்து, எழுந்துபோய் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நீ முகம் காட்டாமல் பேசுகிறாய். கேமரா பழுது என்கிறாய். பழுதான பொருளை மூன்று வாரம் அப்படியே போட்டுவைக்கிற பெண்ணா நீ? சரி, அது போகட்டும். மேலவீட்டு அத்தைக்குக் கண் அறுவை நன்றாக முடிந்தது. இப்போது எங்கள் வீட்டு ஒட்டடையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. ஆற்றில் தண்ணீர் போகிறது. கொய்யா இந்த ஆண்டு ஏமாற்றிவிட்டது. வேறு செய்தி இல்லை.

நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் படுத்திருந்தாய். ஆச்சி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், நீ கொல்லையில் துப்பினாய். இதை எதற்கு இப்போது சொல்கிறேன் என்றால், எங்காவது படிவத்தில் முன்பு ஈரல் நோய் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று எழுதிவிடாதே. மறக்காமல் சொல்.

கடைசியாக முகம் பார்த்துப் பேசிய அன்று உன் பின்னால் சன்னல் திறந்திருந்தது. வெளியே பனி. பேரன் குல்லாவும் ஸ்வெட்டருமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். உன் மேலுதட்டில் வேர்வை. சுவரில் மாட்ட வேண்டும் என்று சொல்லிக் கேட்டாயே, அந்தப் பனை விசிறி உன் மடியில் இருந்தது. ஓரத்துச் சிவப்புத் துணி அதற்குள் நைந்துபோயிருந்தது. சுவரில் தொங்கும் விசிறி நையாது. நீ தேநீர் எடுக்க எழுந்துபோனபோது பையன் சொன்னான்: "தாத்தா, அம்மா ஒரு ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குக் கொடுப்பது மருந்தா மிட்டாயா என்று அவளுக்கே தெரியாது." அவனைத் திட்டாதே. ஒன்பது வயதில் அதை அவ்வளவு சரியாகச் சொன்னதற்கு நான் பெருமைப்பட்டேன். அடுத்த வாரத்திலிருந்து கேமரா பழுது.

முப்பத்தெட்டு ஆண்டு மருந்துக்கடை நடத்தியவன் நான். ஒரு பெண்ணுக்குக் குப்பென்று உடம்பு சுட்டு, முகம் சிவந்து, ஒரு நிமிடத்தில் நனைந்துபோவது என்னவென்று எனக்குத் தெரியாதா? ஆனால் இதை ஓர் அப்பா மகளிடம் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. படித்தேன். மேலவீட்டுப் பையன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

நம் கடையில் இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட் கெட்டுப்போனது நினைவிருக்கும். உள்ளே சூடே இல்லாதபோதும் சூடு என்று நினைத்துக்கொண்டு மோட்டார் ஓடித் தீர்த்தது. ஏறக்குறைய அதே கதைதான். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸில் உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும்போதோ மருந்தாலோ ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அங்கே சில நரம்பணுக்கள் கடிவாளம் அறுந்ததுபோல ஆகிவிடுகின்றன. அமெரிக்காவில் நயோமி ரான்ஸ் என்ற அம்மையார், இறந்துபோன வயதான பெண்களின் மூளையைச் சோதித்து, அந்த அணுக்கள் பருத்திருப்பதை 1990-லேயே எழுதியிருக்கிறார். அவை சுரக்கும் நியூரோகைனின் பி என்ற பொருளை நல்ல உடல்நிலையில் இருந்த பெண்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள் உங்கள் லண்டனில், இம்பீரியல் கல்லூரியில். அவர்களுக்கும் குப்பென்று சுட்டது. பிறகு அதைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட, சுடும் எண்ணிக்கை 45 சதவீதப் புள்ளி கூடுதலாகக் குறைந்தது என்று 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஆனால் சிலருக்கு ஈரல் என்சைம் ஏறியதால் அந்த மாத்திரை கடைக்கு வரவேயில்லை. அதே வழியில் வந்த ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரை 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதன் பெட்டியிலும் ஈரலைப் பற்றிக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது புரிகிறதா நான் ஏன் காமாலையைப் பற்றி எழுதினேன் என்று? ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடும் நாளில் ஆபீஸ் வேலை என்று தள்ளிப்போடாதே. காமாலை வந்ததைச் சொல்.

ஆராய்ச்சியில் சேர்ந்ததைத் தவறென்று சொல்லவில்லை. நான் விற்ற ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால், பெயர் தெரியாத யாரோ, தனக்குக் கிடைத்தது மருந்தா மிட்டாயா என்று தெரியாமலே விழுங்கிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள் என்றால் எனக்குப் பெருமைதான். ஆனால் பெற்றவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இந்தச் சூட்டை அளக்க அந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் கருவி இல்லை. எத்தனை முறை, எவ்வளவு கடுமை என்று அந்தப் பெண்ணே குறித்துக் கொடுக்கிறாள். வெறும் மாத்திரை விழுங்கியவர்களுக்கும் எண்ணிக்கை கணிசமாக இறங்குகிறது. ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வதே கால்வாசி மருந்து போலிருக்கிறது.

எனக்கு உறக்கம் கெடுவது வேறொன்றால். இந்த மாத்திரைகளின் பெரிய ஆய்வுகளில் ஒரு வகை, 40 முதல் 65 வயது வரை, மாதவிலக்கு நின்ற பெண்களைச் சேர்த்தது. உனக்கு வரும் பங்குனியில்தான் 41 முடிகிறது. இன்னொரு வகை வேறு. எலின்சானெடன்ட் என்ற மாத்திரைக்காக, மார்பகப் புற்றுக்கு ஹார்மோனைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களையும், அது வராமல் தடுக்கச் சாப்பிடுகிறவர்களையும் மட்டுமே சேர்த்தார்கள். 474 பேர். நாளுக்குப் பதினொரு முறைக்கு மேல் சுட்டுக்கொண்டிருந்தது நாலாவது வாரத்தில் 6.5 குறைந்தது, வெறும் மாத்திரையில் 3. பன்னிரண்டு வாரத்துக்குப் பின் எல்லாருக்குமே அசல் மருந்து கொடுத்தார்கள், அதுவரை நல்லதுதான். அந்த மாதிரி ஆய்வுகள் இனியும் நடக்கும்.

நீ எதில் சேர்ந்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும், கடைக்காரனாகச் சொல்லிவைக்கிறேன். இந்தச் சூட்டுக்குப் பராக்ஸெட்டின் என்ற மாத்திரையும் உண்டு. மார்பகப் புற்றுக்கான டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது, அந்த மருந்தை வேலை செய்ய விடாமல் கெடுக்கும். அதற்குப் பதில் வென்லஃபாக்ஸின் என்ற மாத்திரை பரவாயில்லை. உனக்கு இது தேவைப்படாத விஷயமாக இருக்கும். தேவைப்படாது என்றால் ஒரு வரி எழுது. சித்தியை நினைத்து முன்கூட்டியே தடுப்புக்காகச் சாப்பிடுகிறாய் என்றாலும் அதே ஒரு வரி போதும். சித்தி விஷயத்தில் நீ அப்போது சின்னப் பெண் அல்ல, எல்லாம் பார்த்தாய். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.

நான் உன்னிடம் ஒளிக்காதே என்று சொல்லத் தகுதி உள்ளவனா என்று யோசித்தபடி இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை மேசையில் வைத்திருந்தேன்.

2002 ஜூலை. நீ பிளஸ் டூ. அம்மாவுக்கு 47. ஓராண்டாக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு, நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், மார்பகப் புற்று 26 சதவீதம் கூடுகிறது என்று கடையில் உட்கார்ந்து பேப்பரில் படித்தேன். சித்தியை அடையாறுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலமே அலமாரியில் இருந்த அட்டைகளை எடுத்துவிட்டேன். டாக்டரைக் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவில்லை. கம்பெனியிலிருந்து சரக்கு வரவில்லை என்று சொன்னேன்.

அந்த 26 சதவீதம் என்பது, ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வருவது 38 ஆனது என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அம்மா வயதுக்காரர்களுக்கு அந்தக் கணக்கு வேறு. சித்தி இருந்ததால் டாக்டரே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால் வேறு ஏதாவது கொடுத்திருப்பார். சொல்லியிருந்தால் அம்மாவாவது தெரிந்து தாங்கியிருப்பாள்.

சரக்கு நான்கு ஆண்டு வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் பாய்கூட இல்லாமல் சிவப்புத் தரையில் படுப்பாள். விடியும்போது போய்ப் பார்த்தால், அவள் எழுந்துபோன இடத்தில் முதுகு பதிந்த ஈரம் இருக்கும். நான் அதைத் தாண்டிக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போவேன்.

அந்த அரையாண்டுத் தேர்வு சமயத்தில்தான் இட்லித் தட்டு பறந்தது. அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நீ அழுதாய். அவள் சுபாவம் அப்படி, உன் ஆச்சி மாதிரியே என்று நான் உன்னிடம் சொன்னேன். அது பொய். நான்கு மாதமாக உறங்காதவளின் கை அது. இங்கேயே இடம் கிடைத்தும் நீ கோயம்புத்தூர் போனாய், அங்கிருந்து சென்னை, அங்கிருந்து லண்டன். உன் படிப்பும் திறமையும் கொண்டுபோய்ச் சேர்த்தன என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான், ஆனால் முதல் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டது அந்த அலமாரி.

இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. எப்போதோ ஒருமுறை, டவுனில் வேறொரு கடையில் அந்த அட்டையைப் பார்த்ததாகக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நான் பேப்பரைத் திருப்பினேன். அவளும் அதற்குமேல் பேசவில்லை.

இந்தக் கடிதத்தோடு பார்சலும் வருகிறது. கருப்புக்கட்டி, மாவடு, பேரனுக்கு முறுக்கு. நீ விசிறி வீசியதையோ பையன் சொன்னதையோ நான் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. போனில் பேசும்போது அவள் அடுப்படியில்தான் இருந்தாள். நேற்றுப் பெட்டியைக் கட்டும்போது அவளாகவே இரண்டு பனை விசிறியைத் தண்ணீரில் நனைத்து, உலர்த்தி, ஓரம் தைத்துக் கொண்டுவந்து வைத்தாள். சுவரில் மாட்ட ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தேட முடியாது" என்றாள்.

அன்புடன்,
அப்பா