காம்போகல்லியானோ நீலத் தொழிற்சாலையில் மறுபடி வேலை நடக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மொடெனா மாவட்டத்தில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தமிழர்

பெறுநர்:
மேயர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், காம்போகல்லியானோ, இத்தாலி

பொருள்: பழைய புகாட்டி கார் தொழிற்சாலையைப் புதுப்பிக்க அனுமதி தரும்போது, பழுதுபார்க்கும் பட்டறைக்கும் தொழிற்பயிற்சிக்கும் இடம் ஒதுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு இத்தாலிய மொழி பேச வரும், மனு எழுதும் அளவுக்கு வராது. அதனால் தமிழில் எழுதி, மொழிபெயர்ப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஏ22 நெடுஞ்சாலையில் மொடெனா பக்கம் வருகிற எவர் கண்ணிலும் அந்த ஆலையின் நீலச் சுவரும் 'ஈபி' (புகாட்டியை நிறுவிய எட்டோரே புகாட்டியின் முதலெழுத்துகள்) என்ற வெள்ளை எழுத்தும் படாமல் போகாது. 1987-இல் புகாட்டி என்ற பெயரை வாங்கிய இத்தாலியத் தொழிலதிபர் ரொமானோ அர்தியோலி, அது பிறந்த பிரான்ஸின் மோல்ஷைமுக்குப் போகாமல் ஆலையை இங்கே கட்டினார். ஃபெராரி, லம்போர்கினி, மசெராட்டி எல்லாம் கூப்பிடு தூரம், எஞ்சின் வேலை தெரிந்த கைகளும் இங்கேதான். ஜியாம்பாவ்லோ பெனெதினி வரைந்த கட்டடம் 1990-இல் திறந்தது. அங்கே பிறந்த ஈபி110 என்ற காருக்கு 3.5 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின், 60 வால்வு, நான்கு டர்போ, கார்பன் ஃபைபர் சேசிஸ். கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரே மஞ்சளில் ஒன்று வாங்கினார். ஆனால் சுமார் 140 வண்டிகளோடு 1995 செப்டம்பரில் நிறுவனம் திவால். பிறகு ஆலையை வாங்கிய மரச்சாமான் நிறுவனமும் குடியேறும் முன்பே நொடித்தது. புகாட்டி என்ற பெயர் 1998-இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போய், மோல்ஷைமுக்கே திரும்பிவிட்டது.

காவல் காத்த குடும்பம் மட்டும் சாவியை விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கதவைத் திறந்துவிட, நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். லேத்காரன் கண் தரைக்குத்தானே போகும்? இயந்திரங்களைப் பூட்டியிருந்த போல்ட் துளைகள் வரிசையாக இருந்தன. குனிந்து ஒன்றில் விரலை விட்டேன், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது.

புதுப்பிப்பு என்றாலே அருங்காட்சியகம், விழா மண்டபம் என்றுதான் பேச்சு போகிறது. அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊரில் தராசுக்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் தராசு செய்கிற கூட்டுறவு ஆலையும் அதே ஊரில் ஓடுகிறதே, அந்த அருங்காட்சியகத்துக்கு உயிர் அங்கிருந்துதான் வருகிறது.

புது கார் செய்யுங்கள் என்றும் கேட்கவில்லை. ஈபி110 நினைவாக 2019-இல் புகாட்டி அறிவித்த சென்தோதியேச்சி (இத்தாலியில் 'நூற்றிப்பத்து') என்ற கார் பத்தே வண்டி, ஒன்று 80 லட்சம் யூரோ. அந்த விளையாட்டுக்கு நாம் ஆள் இல்லை. நான் கேட்பது ஒரே ஒரு கூடம். முப்பது வயதைத் தாண்டிய ஈபி110 வண்டிகளைப் பிரித்துச் சரிசெய்யவும், அந்த வேலையை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் அது வேண்டும். கட்டடம் தனியாருடையது என்பது தெரியும். ஆனால் கட்டட அனுமதி உங்கள் அலுவலகத்தில்தானே தருகிறார்கள், அதில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

அவசரம் ஏன் என்றால், 1990-இல் இருபத்தைந்து வயதில் அந்த ஆலையில் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்களில் ஒருவர். மைக்ரோமீட்டரை எடுக்கும் முன் நகத்தால் விளிம்பைத் தடவிப் பார் என்பார். நான் ஒத்துக்கொள்ளாமல் அளந்து பார்த்த நாளெல்லாம் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. இந்த வித்தை எந்த வரைபடத்திலும் இல்லை.

ஆகவே, கட்டட உரிமையாளரையும் பழைய தொழிலாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் ஆசான் எந்த நாளானாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை மட்டும் வேண்டாமாம், பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மொடெனா வாழ் தமிழ்த் தொழிலாளி