சுருக்கக் குறியீட்டுக்கு ஒரே விதி வேண்டும்

ஆசிரியருக்கு,

நாளிதழ்களில் ‘ஐ.நா.’, ‘ஐ.நா’, ‘ஐநா’ என மூன்று வடிவங்களும் கலந்து வருவது வருத்தமளிக்கிறது. சுருக்கங்கள் அந்தந்த மொழியின் இயல்போடு ஒட்டியே அமைகின்றன. ஸ்பானிய மொழியில் பன்மையைக் காட்ட முதலெழுத்தை இரட்டிப்பார்கள். எபிரேயத்தில் கடைசி எழுத்துக்கு முன் இரட்டைக் கீற்று வரும். தமிழ் உயிர்மெய்யை முழுதாக எடுத்துக்கொள்கிறது; அதனால்தான் ‘கி.மு.’ என்கிறோம், ‘க.ம.’ என்பதில்லை. எனக்கு இது தமிழின் தனி அழகாகவே படுகிறது.

வேற்றுமை உருபு சேரும்போதுதான் குழப்பம். ஃபின்னிஷ் மொழியில் அந்த இடத்தில் முக்காற்புள்ளி இட்டு உருபைச் சேர்க்கிறார்கள். நமக்குப் புதுக் குறி தேவையில்லை. புள்ளியை விடாமல் ‘ஐ.நா.வில்’, ‘கி.மீ.க்கு’ என்றே எல்லாப் பக்கங்களிலும் அச்சிட உங்கள் மெய்ப்புத் திருத்துநர்களிடம் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர்