மன்னனும் கை வைக்க முடியாத பதவி

அன்புள்ள சண்முகம்,

மருமகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இங்கே கமலாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே ஆர்மீனிய வரலாற்றை மறுபடி கையில் எடுத்துவிட்டேன்.

படைத்தலைமை பரம்பரை உரிமை என்றால், வாரிசு விவரம் தெரியாத பிள்ளையாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தாயே, அது நிஜமாகவே நடந்திருக்கிறது. ஆர்மீனியாவில் மன்னனுக்கு முடிசூட்டும் உரிமை பக்ரதூனி குடும்பத்துக்கு. 'ஸ்பாரபெத்' என்ற சேனாதிபதிப் பதவி மமிகோனியன் குடும்பத்துக்கு. 4-ஆம் நூற்றாண்டில் ஸ்பாரபெத் வாச்சே போரில் இறந்தபோது, அந்தக் குடும்பத்தில் வயதுவந்த ஆணே மிச்சமில்லை. மகன் அர்தவஸ்த் சின்னப் பையன். அவனை மன்னன் முன்னால் கொண்டுவந்து, முன்னோர்கள் அமர்ந்த மெத்தையில் உட்காரவைத்து, பட்டத்தைக் கொடுத்தார்கள். படையை நடத்தும் வேலையை அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த இரண்டு பிரபுக்கள் பார்த்துக்கொண்டார்கள். வேலை மாப்பிள்ளைகளுக்கு, பட்டம் பிள்ளைக்கு!

இதில் கை வைத்த மன்னன் ஒருவனும் உண்டு. வரஸ்தாத் என்று பெயர். ஸ்பாரபெத் முஷேகை விருந்துக்கு அழைத்துக் கொன்றுவிட்டு, பதவியைத் தன்னை வளர்த்த பாத் என்பவனுக்குக் கொடுத்தான். பாத் வேறு குடும்பத்தான். (முஷேகின் வீட்டார், நாய் உருவத் தெய்வங்கள் வந்து நக்கி உயிர்ப்பிக்கும் என்று நம்பி, உடலைக் கோபுரத்தின்மேல் வைத்துக் காத்திருந்தார்களாம். கிறிஸ்தவ நாடாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும்!) பாரசீகத்திலிருந்து திரும்பிய மானுவேல் மமிகோனியன் யாரையும் கேட்காமல் பட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டான். வரஸ்தாதை நாட்டைவிட்டே துரத்தினான். பாத்தின் தலை போயிற்று. அதன்பின் வரஸ்தாதுக்கு முந்தைய மன்னனின் அரசியையும் இளவரசர்களையும் முன்னால் வைத்து நாட்டை ஆண்டது மானுவேல்தான். ஆனால் அவன் மன்னனாகவில்லை. எனக்கு ஆச்சரியமே அதுதான். தன் குடும்பத்துக்கு உரியதை மீட்டான், அரச குடும்பத்துக்கு உரியதைத் தொடவில்லை. சாகும்போது துணியை விலக்கி, ஐம்பதுக்கு மேற்பட்ட தழும்புகளைக் காட்டி, போரில் போகவேண்டிய உயிர் படுக்கையில் போகிறதே என்று புலம்பினான். பட்டம் மகன் அர்தாஷிருக்குப் போயிற்று.

451-இல் பாரசீகர்களை எதிர்த்து அவராய்ர் போர்க்களத்தில் விழுந்த ஸ்பாரபெத் வர்தானும் இந்தக் குடும்பம்தான். 8-ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சியை எதிர்த்து எழுந்து தோற்றபின் மமிகோனியர்கள் நொடித்துப்போனார்கள். பட்டம் பக்ரதூனிகளிடம் போனது. அவர்கள் அரசர்களானதும் தம்பிமாரை ஸ்பாரபெத் ஆக்கிக்கொண்டார்கள்.

பிற்பாடு மத்தியதரைக் கடலோரத்தில் ஆர்மீனியர்கள் அமைத்த கிலிக்கியா அரசில், 13-ஆம் நூற்றாண்டில் ஹெதும் மன்னனின் சகோதரன் ஸ்ம்பாத் இந்தப் பட்டத்தோடு இருந்தான். 1247-இல் மங்கோலியர்களிடம் தூது புறப்பட்டவன். பக்கத்துச் சிலுவைப்போர் நாடான அந்தியோக்கியாவின் சட்டத் தொகுப்பைப் பிரெஞ்சிலிருந்து ஆர்மீனியத்தில் மொழிபெயர்த்தவனும் அவன்தான். பிரெஞ்சு மூலம் தொலைந்துபோய், இன்று கையில் இருப்பது இந்தச் சேனாதிபதியின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அவனைப் பற்றி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராஜாராமன்