எஃப் 2.8 எந்தக் கமராவிலயும் எஃப் 2.8 தான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வைகாசியில ஒரு ஞாயிறு உங்கட பேப்பரில கமரா வாங்கிறாக்களுக்கெண்டு ஒரு கட்டுரை வந்தது, நல்ல விசயம், எங்கட பக்கத்தில கலியாணவீடு சாமத்தியவீடு எண்டு கமராவை நம்பி இறங்கின பெடியள் கனபேர், தமிழில வந்தா அதைத்தான் தேடி வாசிப்பினம். அதாலதான் இதை எழுதவேண்டி வந்தது. சென்சர் (படம் பதியிற தகடு) சின்னனா இருக்கிற கமராவில எஃப் நம்பர் (லென்ஸ் ஓட்டை எவ்வளவு திறந்திருக்கெண்டு சொல்லுறது, நம்பர் குறைஞ்சா ஓட்டை பெரிசு) 1.7 எண்டு இருந்தாலும் அது உண்மையில எஃப் 3.4 தான், வெளிச்சம் காணாது, ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளுக்கு விடுற கதவை, நாலு மடங்கு மெதுவா வைக்கோணும் எண்டு போட்டிருந்தியள். 3.4 எண்ட கணக்கில ஒரு உண்மை இருக்கு. ஷட்டர் கதை முழுப் பிழை.

எங்கட ஒழுங்கையில ஒரு பெடியன் மைக்ரோ போர் தேர்ட்ஸ் எண்ட சின்ன சென்சர் கமரா ஒண்டு செக்கன்ட் ஹாண்டா வாங்கி 25 எம்எம் எஃப் 1.7 லென்ஸ் போட்டு வைச்சிருக்கிறான். கட்டுரை வந்த அடுத்த நாள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். இரவு லைட்டுக்கு என்ன வைக்கிறது அண்ணை எண்டு போனில கேட்டான், நான் என்ர புல் பிரேம் எண்ட பெரிய சென்சர் கமராவில வைச்சிருந்ததை அப்பிடியே சொன்னன், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு உணர்திறன்) 1600, எஃப் 2.8, ஷட்டர் செக்கனில 125இல ஒண்டு. அவன் அண்ணைக்குப் பெரிய சென்சர் எனக்குச் சின்னன் எண்டு நினைச்சு 30இல ஒண்டுக்கு இறக்கிப்போட்டான். காவடிக்காரர் எல்லாரும் இழுபட்டுப் போச்சினம், முகமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. கமராவின்ர வெளிச்ச மீட்டரைப் பாக்கேல்லையோடா எண்டு ஏசினன். பாத்தனான் அண்ணை, பேப்பரில வந்ததால மீட்டர்தான் பிழையெண்டு நினைச்சிட்டன் எண்டுறான்!

ஐயா, ஸ்டூடியோ காலத்து ஆக்களைக் கேளுங்கோ. பெரிய 120 பிலிமும் எடுத்தனாங்கள் சின்ன 35 எம்எம் பிலிமும் எடுத்தனாங்கள், கையில பிடிக்கிற லைட் மீட்டர் ஒருநாளும் பிலிம் என்ன சைஸ் எண்டு கேட்டதில்ல. பற்றரிக்கே தடையிருந்த சண்டைக் காலத்தில மீட்டர் செத்துக் கிடக்கும், அப்பவும் கொளுத்துற வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100 பிலிம் எண்டா எஃப் 16, ஷட்டர் 125இல ஒண்டு எண்டு கண்ணை மூடிக்கொண்டு வைப்பம், ரெண்டு கமராவிலயும் சரியாத்தான் வரும்.

கமக்காரருக்கு இதைச் சொன்னா லேசா விளங்கும். இரணைமடுப் பெரிய குளத்திலயும் எங்கட ஊர்ச் சின்னக் குளத்திலயும் ஒரே மழை 50 மில்லிமீற்றர் பெய்தா மழைமானி ரெண்டு இடத்திலயும் 50 தான் காட்டும், ஆனா விழுந்த தண்ணி ஏக்கர் அடிக் கணக்கில ஒண்டோ? எக்ஸ்போஷர், அதாவது சென்சரில ஒவ்வொரு இடத்திலயும் விழுற வெளிச்சம், மழைமானிக் கணக்கு. படத்தில புள்ளிபுள்ளியா நொய்ஸ் வாறது மொத்தத் தண்ணிக் கணக்கு. புல் பிரேம் 36க்கு 24 மில்லிமீற்றர், மைக்ரோ போர் தேர்ட்ஸ் 17.3க்கு 13, பரப்பில கிட்டத்தட்ட நாலில ஒண்டு, அதால பெடியன்ர ஐஎஸ்ஓ 1600 படத்தில, ரெண்டு கமராவும் ஒரே காலத்துச் சாமான் எண்டா, என்ர 6400 அளவுக்கு நொய்ஸ் நிக்கும். படத்தின்ர வெளிச்சம் மட்டும் மாறாது.

மற்றது பின்பக்கம் மங்கலாகிறது. இதிலதான் உங்கட 3.4 சரி. லென்ஸின்ர குவியத்தூரம் 25ஐ எஃப் நம்பர் 1.7ஆல பிரிச்சா லென்ஸ் ஓட்டை 14.7 மில்லிமீற்றர், புல் பிரேமில அதே காட்சிக்கு 50 எம்எம் வேணும், 50ஐ 3.4ஆல பிரிச்சாலும் அதே 14.7. ஒரே இடத்தில நிண்டு எடுத்தா பொம்பிளைக்குப் பின்னால இருக்கிற மணவறை ரெண்டு படத்திலயும் ஒரே அளவுதான் மங்கும். அந்தக் கணக்கைக் கொண்டுபோய் ஷட்டரில போட்டதுதான் வினை.

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது கமராப் பெட்டியில அடிக்கிற நம்பரைப் பற்றித்தான். ஒரு இஞ்சி (அங்குலம்) சென்சர் எண்டு விக்கிறாங்கள், அது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு இஞ்சி வராது, பழைய வீடியோ ரியூப் காலத்துப் பேர் அது. அதில 24-200 எம்எம் எஃப் 2.8 எண்டு எழுதியிருக்கும். லென்ஸ் உண்மையில ஏறக்குறைய 9இலயிருந்து 73 எம்எம் வரைக்கும்தான், அதைப் புல் பிரேமுக்குச் சமனாக்க 2.7ஆல பெருக்கிப் போடுகினம், எஃப் நம்பரை மட்டும் பெருக்க மாட்டினம். பெருக்கினா 7.6 வரும், எக்ஸ்போஷருக்கு இல்ல, மங்கலுக்கும் நொய்ஸுக்கும். ஒண்டில ரெண்டையும் பெருக்கோணும், இல்லாட்டி ரெண்டையும் விடோணும்.

சின்ன சென்சரைக் குறைச்சுச் சொல்ல நான் வரேல்ல. சுண்டிக்குளத்தில பூநாரை எடுக்க நானே அந்தப் பெடியன்ரதைத்தான் இரவல் வாங்கிறனான், 300 எம்எம் லென்ஸ் 600 மாதிரிக் கிட்டக் காட்டும், தோளும் நோகாது.

பெடியன் இப்ப கமராவை விக்கப்போறன் எண்டு நிக்கிறான். இந்த ஞாயிறு திருத்தம் வரும், அதுவரைக்கும் பொறடா எண்டு சொல்லி மறிச்சு வைச்சிருக்கிறன். அவன் நான் சொல்லி நம்பமாட்டான், பேப்பரில வந்தாத்தான் நம்புவான்.

இப்படிக்கு,
புதுக்குடியிருப்பிலயிருந்து ஒரு பழைய படப்பிடிப்பாளன்