கேபிள் பொதுச்சொத்தாகவே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையக் கட்டமைப்பை அரசு வைத்திருக்க வேண்டுமா, தனியாரிடம் விட்டுவிடலாமா என்ற விவாதத்தில், பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டத்தில் வசிப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

போட்டி இருந்தால் விலை இறங்கும் என்பது நகரத்துக்குப் பொருந்தும். ஒரு லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அடுத்த லயத்துக்கும் இடையே தேயிலைச் சரிவுகளே கிடக்கும் எங்கள் மலையில், போட்ட முதல் எப்போது திரும்பும் என்று பார்க்கும் நிறுவனம் கேபிள் இழுக்க முன்வராது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வியாபாரத்தின் கணக்கு அது. அந்தக் கணக்கில் அடங்காத ஊர்களுக்காகத்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் (சில கழிவுகள் போக எஞ்சும் வருவாய்) 5 விழுக்காடு தனி நிதிக்கு எடுக்கப்பட்டு, அதிலிருந்து மத்திய அரசின் ஊரக இணையத் திட்டமான பாரத்நெட்டின் கேபிள் ஊராட்சிகளுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. நாம் செய்யும் ரீசார்ஜில் இருந்து போகும் பணம்தானே அது? அப்படியிருக்க, கேபிள் மட்டும் எப்படித் தனியார் உடைமையாக முடியும்?

கேரள அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைத்த கே-ஃபோன் என்ற மாநில அரசின் இணையத் திட்டம், மின்வாரியத்தின் கோபுரங்களிலும் கம்பங்களிலும் கேபிளைக் கொண்டு செல்வது நல்ல யோசனை. ஆனால் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவித்துவிட்டு, முதல் கட்டத்தைச் சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடுகள் வீதம் 14,000 வீடுகளோடு தொடங்கியதைப் பாராட்ட மனம் வரவில்லை.

பராமரிப்பு இன்னொரு குறை. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்தால் மின்கம்பியோடு ஃபைபர் கேபிளும் அறுகிறது. லைன்மேன் வந்து மின்சாரத்தைச் சரிசெய்துவிட்டுப் போய்விடுகிறார். கேபிளோ, இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் வரும்வரை சாலையோரச் செடிகளுக்குள் சுருண்டு கிடக்கிறது. இதைக் காட்டித்தான் தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். கொடுத்தபின் அவர்கள் கேட்டதுதான் வாடகை, அவர்கள் போகும் ஊர்தான் ஊர் என்றாகிவிடும்.

கம்பமும் கேபிளும் அரசிடமே இருக்கட்டும். அதன் வழியே சேவை தரும் வாய்ப்பை உள்ளூர் கேபிள் டி.வி. நடத்துபவர், தனியார் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் என எவருக்கும் ஒரே வாடகையில் தரலாம். கே-ஃபோனில் மின்வாரியமும் பங்குதாரர் என்பதால், அடுத்த மழைக்கு முன் மலைப்பகுதிப் பிரிவு அலுவலகங்களுக்கு ஸ்பிளைசிங் இயந்திரமும் லைன்மேன்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். அறுந்த கேபிளை எத்தனை நாளுக்குள் ஒட்ட வேண்டும் என்ற காலவரம்பை ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்டவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.