நோட்டு ஏன் காலியானது

அன்புள்ள செந்தில்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. லேப் இன்சார்ஜ் ஆனதும் பாதுகாப்பும் உன் தலையில் விழுந்துவிட்டது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். எங்கள் கதையைச் சொல்கிறேன்.

போன வருடம் சாப்பாட்டு நேரத்தில் ஃபியூம் ஹூட்டுக்குள் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) ஒரு கழிவு பாட்டில் வெடித்தது. அசிட்டோன் கழிவில் யாரோ நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, மூடியையும் இறுக்கிவிட்டார்கள். வாயு சேரச் சேர, கண்ணாடி எவ்வளவு தாங்கும்? நல்லவேளை, பக்கத்தில் ஆள் இல்லை. விசாரித்தால், ஒரு மாதம் முன்பே இன்னொரு பாட்டிலைத் திறந்தபோது புஸ்ஸென்று காற்று வந்ததாம். பார்த்த பையன் வாயே திறக்கவில்லை. "சொன்னா மெமோ குடுப்பீங்க சார்" என்றான். முந்தைய மெமோவில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

மார்ச் 4 பாதுகாப்பு நாளன்று பேட்ஜ் குத்தி உறுதிமொழி வாசிப்போமே, அதில் இந்தப் பயம் போகாது. தவறையும் ஆபத்தையும் கண்டால் எழுதிவைக்க, பேர் எழுத வேண்டாத ஒரு நோட்டு வைத்தோம். முதல் பதிவு என்னுடையது, பேரோடு: பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அமிலம் ஊற்றினேன். அப்புறம்தான் மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். பக்கங்கள் நிறைவதைப் பார்த்த மேனேஜர், "என்னய்யா, ஆபத்து கூடிக்கிட்டே போகுது?" என்று பதறினார்.

ஆறே மாதம். பதிவுகள் நின்றுபோயின. மேனேஜருக்குச் சந்தோஷம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. புரட்டிப் பார்த்தேன். ஐவாஷ் (கண் கழுவும் குழாய்) வால்வு இறுகிக் கிடக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள், மூன்று கையெழுத்தில். ஃபைல் பர்ச்சேஸில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். கண்ணில் அமிலம் பட்டால் உடனே 15 நிமிடமாவது தண்ணீர் ஓட வேண்டுமடா! 1984-ல் விஷவாயு கசிந்த போபால் ஆலையிலும் அந்தத் தொட்டிக்குக் குளிரூட்டி இருந்தது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வால்வை அன்றே என் கைக்காசில் மாற்றினேன். இப்போது திங்கட்கிழமை காலையில் நோட்டை எல்லோர் முன்னாலும் வாசிக்கிறோம். யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் என்பதைப் பதிவுக்குப் பக்கத்திலேயே எழுதுகிறோம். முடியாதது என்றால் ஏன் முடியாது என்றும். பிறகு ஒருவர் ஐவாஷைத் திறந்து ஓடவிடுவார். முதல் வாரம் துருத் தண்ணீர்தான் வந்தது. நோட்டில் மறுபடி கையெழுத்துகள் தெரிய இரண்டு மாதம் பிடித்தது.

நீ நாளைக்கே உன் லேபில் ஐவாஷைத் திறந்து பார். தண்ணீர் என்ன நிறத்தில் வந்தது என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முரளி