பிளேன்ரீயும் பத்து மில்லிலீற்றர் சிறிஞ்சும்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள ராஜி,

நலம், நலமறிய ஆவல். வீட்டுச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன்: அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கறுத்தக்கொழும்பான் மாமரம் இம்முறை எங்களை ஏமாற்றிவிட்டது, தவமலர் அக்கா மருமகளோடு மறுபடியும் கதைக்கத் தொடங்கிவிட்டார். அது எத்தனை நாளைக்கு என்பதை நீயே கணித்துக்கொள். உன் கடிதத்துக்கு இவ்வளவு காலம் பதில் போடாமல் இருந்ததற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் என்னிடம் இல்லை. இடையிடையே உனக்குப் புரையேறியிருந்தால் அதற்கு நானே பொறுப்பு என்று வைத்துக்கொள்.

புரையேறுவது பற்றித்தான் எழுத வந்தேன், பகிடி இல்லை. ஓய்வுபெற்ற தாதியைச் சும்மா இருக்க விடக்கூடாது என்று தீர்மானித்தவர்கள், முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிற பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி கேட்டார்கள். பாரிசவாதம் வந்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள், பார்க்கின்சன் நோயாளர் ஆகியோருக்கு எப்படி உணவு ஊட்டுவது என்பதுதான் பொருள். இதைக் கற்பிக்க வேண்டியவர் பேச்சுச் சிகிச்சையாளர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் படித்து வெளியேறியவர்களில் தமிழில் வேலை செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீயே நினைத்துப் பார். இருக்கிற ஒருவரும் குழந்தைகளின் நீண்ட வரிசையை விட்டு எழும்ப முடியாமல் இருக்கிறார். அவரிடம் மாலை வேளைகளில் பாடம் கேட்டு, அவர் பார்த்துத் திருத்தித் தந்த குறிப்போடுதான் வகுப்புக்குப் போனேன்.

வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டிய பெண்கள். சிலர் போரில் கணவனை இழந்தவர்கள். பிள்ளைக்கு ஊட்டிய பழக்கத்தைத் தவிர ஊட்டுவது பற்றி அவர்களுக்கு எவரும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. வழமையாக எப்படிச் செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். எல்லோரும் ஒரே மாதிரித்தான் செய்தார்கள்: தாங்கள் நின்றுகொண்டு, எதிரில் இருப்பவரின் நாடியை மேலே தூக்கி, சாப்பாட்டுக் கரண்டி நிறைய அள்ளி, "ஆ காட்டுங்கோ" என்று வாய்க்குள் விட்டார்கள். இருமல் வந்தால் உச்சந்தலையில் தட்டி, "ஆரோ நினைக்கினம்" என்றார்கள். நான் ஒன்றும் திருத்தவில்லை. இருவர் இருவராக உட்காரவைத்து, தலையை அண்ணாந்து வைத்தபடி ஒரு கரண்டி தண்ணீரை விழுங்கிப் பார்க்கச் சொன்னேன். பிறகு நாடியைச் சற்றுத் தாழ்த்தி, நிமிர்ந்திருந்து விழுங்கச் சொன்னேன். மண்டபமே அமைதியாகிவிட்டது. சுன்னாகப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும், "மிசி, இதைத்தானே நான் அந்த ஐயாவுக்கு இவ்வளவு காலமும் செய்து வந்தனான்" என்று மெல்லச் சொன்னார். அதற்கு மேல் அவர்களுக்கு விரிவுரை தேவைப்படவில்லை.

பாரிசவாதம் வந்த ஆரம்ப நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது சிக்கல் இருக்கும் என்பது உனக்கு அன்றாடச் செய்தி. இங்கே அது செய்தியே இல்லை. இருமினால்தான் பிழை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இருமாமலே உணவு சுவாசக் குழாய்க்குள் இறங்கும் என்பதை நம்பவைப்பதுதான் கடினமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, கண்ணில் நீர் கட்டுவது, கன்னத்துக்குள் சோறு தங்குவது, இரண்டொரு நாளில் காய்ச்சல் எழும்புவது ஆகியவற்றை ஒரே கதையின் பகுதிகளாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். காய்ச்சல் வந்தபோது "வயது போனால் சளிதானே" என்று முடித்துவிடுகிற வழக்கத்தால் எத்தனை பேரை அனுப்பியிருப்போம் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பல் விளக்குவதைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார்கள். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாயைத் துப்புரவாக்கியவர்களுக்கு நியுமோனியா குறைந்தது என்று விளக்கிய பிறகு சிரிப்பு நின்றது. பல்லே இல்லாதவருக்கும் வாய் உண்டு என்பதை மூன்று தடவை எழுதிக்கொண்டார்கள்.

இனி நீ பொறாமைப்பட வேண்டிய இடம். நீங்கள் அங்கே இங்கிலாந்தில் பின்பற்றுகிற அந்தச் சர்வதேச அளவுமுறையை, 0 முதல் 7 வரை பானத்தையும் உணவையும் நிலை நிலையாகப் பிரிக்கிற முறையை, நாங்கள் ஒரு குசினியில் வைத்துச் செய்து பார்த்தோம். மண்டபத்தில் வைத்துச் செய்வதில்லை என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பத்து மில்லிலீற்றர் சிறிஞ்சின் நுனியை விரலால் பொத்தி, பானத்தை 10 வரை நிரப்பி, விரலை எடுத்துப் பத்து விநாடி ஓடவிட்டு, மிஞ்சியதைப் பார்ப்பதுதானே சோதனை? சிறிஞ்சுகள் எல்லாம் ஒரே நீளமில்லை என்பதால், 0 இலிருந்து 10 வரை 61.5 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து தேர்ந்தெடுத்தோம். வடித்த அரிசிக் கஞ்சி சுடச்சுட ஓடியபோது ஐந்து மில்லிலீற்றர் மிஞ்சியது, அதாவது 2ஆம் நிலை, சற்றுக் கெட்டி. அதே கஞ்சி ஆறிய பிறகு எட்டுக்கு மேல் நின்று 3ஆம் நிலைக்குப் போய்விட்டது. குரக்கன் கூழ் சிறிஞ்சை விட்டு அசையவே இல்லை. உன் புகழ்பெற்ற சவ்வரிசிக் கஞ்சியையும் சோதித்திருக்கலாம், ஆனால் அதற்குச் சிறிஞ்சு போதாது, மண்வெட்டி வேண்டும்.

அங்கே நான் கண்டது இதுதான்: எங்கள் சமையலில் ஆபத்தான உணவுகள் எவை என்று அந்தப் பெண்களே கண்டுபிடித்தார்கள், நான் சொல்ல நேரவில்லை. புட்டு உதிர்ந்து தொண்டையில் சிதறும். இடியப்பத்துக்குச் சொதி விட்டால், நூல் வாயில் நிற்கச் சொதி முன்னால் ஓடிவிடும். ஒடியல் கூழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், நண்டுக்கால், பலாக்கொட்டை, பயிற்றங்காய் என்று ஒரு கோப்பைக்குள் எல்லா நிலைகளும் இருக்கின்றன. முள்ளுக்கரண்டியால் அழுத்திப் பார்க்கச் சொல்கிற சோதனைக்கு அந்த வீட்டில் முள்ளுக்கரண்டியே இருக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்க்கவும் அந்த முறையில் இடமிருப்பது நல்லதாகப் போயிற்று. மாப்பொருளால் கெட்டியான கஞ்சிக்குள் எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்ப விட்டால் கஞ்சி தண்ணீராகிவிடும் என்று சொன்னபோது, "அதுதான் அரைவாசியிலை தண்ணியாப் போறதோ!" என்று ஒருவர் துள்ளினார். உமிழ்நீரிலுள்ள நொதியத்தை அவர் குசினியில் பல வருடமாகப் பார்த்து வந்திருக்கிறார், பெயர்தான் தெரியாது.

இதற்கு மாறாக நான் இதுவரை போய்வந்த பயிற்சிகளை நினைத்தால் எரிச்சல் வருகிறது. குளிரூட்டிய மண்டபம், ஆங்கிலப் படவில்லைகள், மத்தியானம் பிரியாணி, பின்னேரம் சான்றிதழ், குழுப்படம். வருகிறவர்களும் கரண்டி பிடிக்கிறவர்களாக இருப்பதில்லை, கையொப்பமிடுகிறவர்களாக இருப்பார்கள். 1847இல் வந்து சேர்ந்த அமெரிக்க மிசனரி டொக்டர் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கிவைத்துப் போன ஊர் இது. அங்கிருந்து சில மைல் தள்ளி, கஞ்சி பருக்குவதற்கு ஆங்கிலத்தில் வகுப்பு நடத்துகிறோம். உங்கள் நாட்டில் 2015இல் வந்த பராமரிப்புச் சான்றிதழின் தராதரங்களில் உணவும் நீரும் தனியாக ஒன்று என்றும், வேலைத்தளத்தில் செய்வதைப் பார்த்த பிறகே ஒப்பமிட வேண்டும் என்றும் நீ எழுதியிருந்தாய். கணினியில் கிளிக் கிளிக் என்று தட்டி முடித்துவிடுகிற இடங்களும் உண்டு என்று அடுத்த வரியிலேயே புலம்பியிருந்தாய். உன் புலம்பல் எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் கோபிக்காதே.

ஆனால் ராஜி, நான் தூக்கமில்லாமல் யோசிப்பது வேறொன்றைப் பற்றி. பயிற்சி முடிந்த சில கிழமைகளுக்குள் ஓர் இல்லத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். அங்கே எல்லோருடைய கோப்பையிலும் ஒரே சாம்பல் நிறக் களி இருந்தது. சோறு, மரக்கறி, மீன் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்திருந்தார்கள். யாருக்கு எது தேவை என்று பார்க்க நேரமில்லை, எல்லோருக்கும் அரைத்துவிட்டால் பிரச்சினை இல்லை என்றார் பொறுப்பானவர், என் குறிப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு. நன்றாகச் சப்பிச் சாப்பிடக்கூடிய எட்டு, ஒன்பது பேர் அந்தக் களியை வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருக்கு 2ஆம் நிலைப் பானம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவர் கேட்பதெல்லாம் விடியற்காலையில் ஒரு பிளேன்ரீ, ஒரு துண்டு பனங்கட்டியோடு. கெட்டியாக்கிக் கொடுத்தால் உதட்டை மூடிக்கொள்கிறார். நாள் முழுவதும் ஒரு கோப்பைகூடப் போவதில்லை. கெட்டியாக்கிய பானத்தால் மூச்சுக்குள் இறங்குவது குறையலாம், ஆனால் நியுமோனியா குறையும் என்பதற்குச் சான்று பலமில்லை, குறைவாகக் குடித்து உடல் வறண்டுபோவது நடக்கத்தான் செய்கிறது என்று அந்தச் சிகிச்சையாளரே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். அப்படியானால் ஆசிரியருக்குத் தெரிந்தே, அவர் விரும்பியே, நிமிர்ந்திருந்து, சின்ன மிடறாக அந்தப் பிளேன்ரீயைக் கொடுப்பது குற்றமா? உங்கள் இடத்தில் ஆபத்தை அறிந்து ஏற்றுக்கொண்டு உண்பது என்று கூடிப் பேசி எழுதி வைக்கிறீர்களாம். இங்கே கூடிப் பேசுவதற்கு ஆளில்லை. தீர்மானிக்கிறவர் தொரன்ரோவில் இருக்கிற மகன். அவருக்கு ஆபத்து என்ற ஒரு சொல் மட்டும் போய்ச் சேருகிறது. ஊழியருக்கோ பழி தன்மேல் விழுமோ என்ற பயம். அரைகுறையாகக் கற்பித்த விதி, பயந்தவர் கையில் தடையுத்தரவாக மாறிவிடுகிறது.

அடுத்த வகுப்பில் இன்னொரு கேள்வி வந்தது. "அப்ப மிசி, சாகேக்கை பால் பருக்கக் கூடாதோ?" வீடியோவில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்க, பராமரிப்பாளர் கையில் கரண்டியைக் கொடுத்து, எங்களுக்காக நீ பருக்கு என்று கேட்கும் நிலைமை அவர்கள் எல்லோருக்கும் நேர்ந்திருக்கிறது. விழுங்கும் சக்தி போன பிறகு கரண்டியால் விட்ட பால் தொண்டையில் கடகடவென்று நிற்பதை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் கூடாது என்று நான் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சரித்து, பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, உதட்டையும் நாக்கு நுனியையும் தடவிவிடுங்கள், பிள்ளைகள் அதைப் பால் பருக்கியதாகவே ஏற்றுக்கொள்வார்கள் என்றேன். ஒரு பெண், சொந்தத் தாய்க்கு அப்படிச் செய்ய முடியாமல் போனதை நினைத்தோ என்னவோ, வெளியே எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நேரத்தோடு வகுப்பை முடித்துக்கொண்டேன்.

படிப்பித்தவர்களில் கெட்டிக்காரிகள் எல்லாம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் பார்க்கிறார்கள். உங்கள் நாடு 2025 யூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர்களைப் புதிதாக எடுப்பதை நிறுத்திவிட்டதில் ஒருத்திக்கு மனமுடைந்து போயிற்று. நான் அவளைத் தடுக்கவில்லை, இங்கே கிடைக்கும் சம்பளத்தைக் கேட்டால் நீயும் தடுக்க மாட்டாய்.

நீ தை மாதம் வரும்போது கெட்டியாக்கும் மாத்தூள் ரின் கொண்டுவருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். முடிந்தபின் வாங்க எவரிடமும் காசில்லை. தவிரவும், அந்தத் தூளை ஒருவர் அப்படியே வாயில் போட்டு இறந்ததால் 2015இல் எச்சரிக்கை வந்தது என்று சொன்னவளும் நீயே. பூட்டி வைக்க இங்கே அலுமாரிகூட இல்லை. உங்கள் இல்லத்தில் ஆபத்தை ஏற்றுக்கொண்டு உண்பதற்கு எழுதிவைக்கிற படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்றை மட்டும் படமெடுத்து அனுப்பு. சிகிச்சையாளரோடு இருந்து தமிழில் ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடுவேன். தொரன்ரோ மகன் அடுத்த ஞாயிறு தொலைபேசியில் வருகிறார். அதற்கு முன் அது கையில் இருந்தால், ஆசிரியரையும் பக்கத்தில் இருத்தி அவர் வாயாலேயே கேட்கவைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
பவானி